கரிசல் கறுப்பாகவே வர வேண்டும்

கலர் பிலிமில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்னிடம் கேட்பது எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான். அதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஷட்டர் ஒழுங்காக ஓடும் பழைய பென்டாக்ஸ் கே1000 ஒன்றும் 50 எம்எம் லென்ஸும் போதும். ரோலை மாட்டிச் சுற்றும்போது ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். பின்மூடியில் பஞ்சு பொடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ரோலை யாரிடம் கழுவக் கொடுக்கிறீர்கள், நெகட்டிவ் உங்கள் கைக்குத் திரும்பி வருமா?

எங்கள் பெரியப்பா தன் கடைசி ஜோடி மயிலைக் காளைகளை விற்பதென்று முடிவுசெய்த வருடம் அது. ஐப்பசி மழை பெய்து, கரிசல் நன்றாக ஊறி, உளுந்து விதைப்புக்கு உழவு நடந்துகொண்டிருந்தது. ஈரக் கரிசலின் கறுப்பு உங்களுக்குத் தெரியும். புரண்ட கட்டியின் வெட்டுமுகத்தில் ஒரு பளபளப்பு இருக்கும், அதன்மேல் வெள்ளைக் காளை நடந்தால் கண்ணை எடுக்க முடியாது. கோடாக் கோல்டு 200 ரோலை அந்த உழவுக்கே செலவழித்தேன்.

மீட்டரை மண்ணுக்கு நேரே காட்டக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதைக் காட்டினாலும் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாகத்தான் எடுத்துக்கொள்ளும். கரிசலைக் காட்டினால் இருட்டு என்று நினைத்துக் கூடுதல் வெளிச்சம் கேட்கும், வெடித்த பருத்தியைக் காட்டினால் குறைக்கச் சொல்லும். அதனால் என் உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தேன். 200 பிலிமுக்கு டயலை 100-இல் நிறுத்தியிருந்தேன். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும், குறைந்தால்தான் தாங்காது. மண்கட்டியின் நெளிவு வரை பதிவாக வேண்டும் என்றுதான் இவ்வளவும். என் பக்கத்துக் கணக்கில் பிசகில்லை.

எனக்குத் தெரிந்த கோவில்பட்டி ஸ்டூடியோக்களில் கலர் பிலிம் கழுவுவதை நிறுத்திவிட்டதால், ஒரு பெருநகரத்து லேபுக்கு கூரியர் செய்தேன். ஸ்கேன் போனில் வந்தது. ஈரக் கரிசல் சிமென்ட் தூள் மாதிரி வெளுத்துக் கிடந்தது. காளைகளின் திமிலில் ஒரு மடிப்பு தெரியவில்லை, முழுக்க வெள்ளை. பெரியப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏய்யா, இது நம்ம மண்ணு மாதிரியே இல்லையே. எந்த ஊரு?"

லேபுக்குப் பேசினேன். "நெகட்டிவ் ரொம்ப தின்னா இருந்துச்சு சார், நீங்க அண்டர் பண்ணிட்டீங்க" என்றார்கள். சரி, நெகட்டிவை அனுப்புங்கள், வேறு இடத்தில் ஸ்கேன் செய்கிறேன் என்றேன். "யாருமே கேக்குறதில்ல சார், டிஸ்போஸ் பண்ணிட்டோம்."

காளைகள் அதற்குள் கைமாறிப் போயிருந்தன.

நடந்தது இதுதான். கழுவுவதில் லேப்காரரின் கைவண்ணம் என்று அதிகம் கிடையாது. 1972-இல் கோடாக் கொண்டுவந்த சி-41 முறையே இன்றும் நடப்பில் இருக்கிறது. டெவலப்பர் 37.8 டிகிரியில், 3 நிமிடம் 15 வினாடி; யார் எடுத்த ரோலானாலும் இதே கணக்கு. (சித்திரையில் மணியாச்சி மாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.) படம் கெடுவது அதற்கு அப்புறம். ஒரு சாதாரணக் காட்சியின் நிறங்களையெல்லாம் கலந்தால் சராசரியாகச் சாம்பல் வரும் என்பது கோடாக்கின் ரால்ஃப் எவான்ஸ் கண்ட விதி. பிரிண்ட் போடும் மெஷின்களும் ஸ்கேனர்களும் அந்த வழியிலேயே வளர்ந்தவை. கல்யாண வீட்டுப் படத்துக்கு அது பொருந்தும். முக்கால் பங்கு கரிசல் நிறைந்த படத்தை அந்த மெஷினிடம் ஆட்டோவில் விட்டால் கறுப்பை இழுத்துச் சாம்பலாக்கும். ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சூரியகாந்தி வயலைக் கொடுத்தால் மஞ்சள் அதிகம் என்று நினைத்து நீலத்தைக் கலக்கும்.

ஊட்டியில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோலில் எடுத்த தாத்தா படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் மண் மண்ணாகவே இருக்கிறது. இருட்டறையில் கையால் பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர் தினமும் இந்த மண்ணில் சைக்கிள் மிதித்தவர். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உட்கார்ந்திருக்கும் ஆள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

பிறகு அதே கேமரா, அதே உள்ளங்கைக் கணக்கோடு இன்னொரு ரோலை வேறு லேபுக்கு அனுப்பினேன். நெகட்டிவ் வந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓரத்துக் கோடாக் எழுத்தும் எண்களும் அழுத்தமாக இருந்தன. கழுவியது சரி என்பதற்கு அதுவே சாட்சி. மண் விழுந்த இடம் மட்டும் ஏறக்குறைய வெறும் ஆரஞ்சாக இருந்தது. நெகட்டிவில் கரிசல் அப்படித்தான் இருக்க வேண்டும், கறுத்த பொருள் வெளிச்சத்தைக் கொஞ்சமாகத்தான் திருப்பித் தரும். முதல் லேபுக்காரர் 'தின்' என்றது இதைத்தான். லென்ஸில் உற்றுப் பார்த்தால் அந்த ஆரஞ்சுக்குள் கட்டிகளின் விளிம்பு ஒவ்வொன்றும் இருந்தது. ஸ்கேன் கறுப்பாகவே வந்தது.

அதனால் நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்கிறேன். ரோலோடு ஒரு தாளில் தமிழிலேயே எழுதி வையுங்கள்: கரிசல் நிலம், கறுப்பு கறுப்பாக வேண்டும், ஆட்டோ கலர் கரெக்ஷன் வேண்டாம். கூடவே போனில் எடுத்த படம் ஒன்றையும் மாதிரிக்கு அனுப்புங்கள். ரோலின் முதல் பிரேமில் சாம்பல் அட்டையை வெயிலில் வைத்து எடுத்தால் லேபுக்காரருக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. கோடையில் ரோலை வண்டிப் பெட்டிக்குள் போடாதீர்கள், சூட்டில் நிறம் சாயும். நெகட்டிவ் திரும்ப வரும் என்று எழுத்தில் தராத லேபுக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ரோல் கொடுக்காதீர்கள். முன்பணம் பாதி போதும். மீதியை நெகட்டிவ் கைக்கு வந்து, ஓரத்து எழுத்தை வெளிச்சத்தில் பார்த்த பிறகு அனுப்புங்கள்.