ஓடாத வரையாடு சொல்லும் பாடம்

 

பெருநாள் விடுமுறையில் நம் குடும்பங்கள் பல வேன் பிடித்து, போடிமெட்டு வழியாக மூணாறு போய் வருகின்றன. அங்கே பிள்ளைகள் அதிகம் ஆசைப்படும் இடம் ராஜமலை. ஏறிச் செல்லும் பாதையின் ஓரத்திலேயே வரையாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பத்தடி தூரத்தில் நாம் நின்றாலும் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைக் கடிக்கும். மற்ற மலைகளில் இதே வரையாடு மனித வாடை பட்டாலே செங்குத்துப் பாறையில் இறங்கி மறைந்துவிடும்.

"இது மட்டும் ஏன் ஓடவில்லை, அத்தா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? பதில் கொஞ்சம் வியப்பானது. அந்த ஆட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு வேட்டைக்காரர் சங்கம்.

வேட்டைக்காரர்கள் எப்படிக் காவலர்கள் ஆனார்கள்?

மூணாறு மலைகளில் தேயிலை பயிரிட்ட வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களுக்கு வேட்டை பெரிய பொழுதுபோக்கு. இரவிகுளம் மேட்டுநிலம் உயரமானது, குளிரில் பனி உறையும். தேயிலைக்கு ஆகாது என்று அதை வேட்டைக்காக விட்டுவைத்தார்கள். ஆனால் ஆளாளுக்குச் சுட்டுக்கொண்டே போனால் சில ஆண்டுகளில் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவர்களுக்கே புரிந்தது. 1928 ஆம் ஆண்டு ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

அந்தச் சங்கம் செய்த வேலைகளில் மூன்றை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, எல்லை போட்டது. அனுமதி பெற்றவரே சுடலாம். அவரும் முதுகு வெளுத்த முதிர்ந்த கிடாவைத்தான் சுடலாம். பெட்டையையும் குட்டியையும் தொடக்கூடாது. இரண்டாவது, காவல் வைத்தது. அந்த மலையை உள்ளங்கை போல் அறிந்த முதுவர் பழங்குடி மக்களைக் காவலர்களாக நியமித்தது. மூன்றாவது, நிலத்தைப் பராமரித்தது. காய்ந்த புல்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, கட்டுப்பாட்டுடன் எரித்தார்கள். புதுப்புல் முளைத்து ஆடுகளுக்குத் தீனி கிடைத்தது, பெருந்தீயும் பரவவில்லை. ராஜமலையில் ஆடுகளுக்கு உப்பு வைத்துப் பழக்கினார்கள். தலைமுறைகள் போகப் போக அந்த ஆடுகள் மனிதரைக் கண்டு அஞ்சுவதை விட்டன.

பிறகு பெரிய சோதனை வந்தது. 1971 இல் கேரள அரசு சட்டம் இயற்றி, கண்ணன் தேவன் கம்பெனியிடமிருந்து பயிரிடாத நிலங்களை எடுத்துக்கொண்டது. இரவிகுளத்தையும் பங்கிட்டு விவசாயத்துக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற நிலை. அப்போது அதைச் சரணாலயமாக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் இந்தச் சங்கத்தினரும் இருந்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்களே இனி இங்கே துப்பாக்கியே வேண்டாம் என்று கேட்டார்கள்! 1975 இல் அது சரணாலயமானது, 1978 இல் தேசியப் பூங்கா ஆனது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவில்தான் உலகிலேயே அதிகமான வரையாடுகள் ஒரே இடத்தில் வாழ்கின்றன. சங்கமும் தன் பெயரில் இருந்த 'வேட்டை விலங்கு' என்ற சொல்லை நீக்கிவிட்டு, வன உயிரின, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கமாக மாறி வனத்துறைக்குத் துணை நின்றது.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. நம் மேகமலையிலும் அது வாழ்கிறது. தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில் 2024 இல் 1,031 ஆடுகளும், 2025 இல் 1,303 ஆடுகளும் இருந்தன. ஒரு மாநிலத்தின் அடையாளமான விலங்கு மொத்தமே இவ்வளவுதான்!

தூண்டில் சங்கங்களின் கதை

மீன்பிடிப்பிலும் இப்படி ஒரு படிப்பினை உண்டு. தூண்டில் போடுவோர் 1972 இல் பெங்களூரில் தென்னிந்திய வன உயிரினச் சங்கத்தைத் தொடங்கினார்கள். காவிரியில் மஹ்சீர் என்ற பெரிய கெண்டை இன மீன் உண்டு. ஆற்றில் வெடி போட்டுப் பிடித்ததால் அது வேகமாக அழிந்துகொண்டிருந்தது. இந்தச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, கரையில் காவலர்களை நிறுத்தியது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தது. வெடிச் சத்தம் குறைந்த இடத்தில் மீன் நிலைத்தது.

அவர்கள் பிடித்த மீனை எடை பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டார்கள். உண்ணும் நோக்கமின்றி, விளையாட்டுக்காக ஓர் உயிரைத் தூண்டிலில் மாட்டுவது நமக்கு உகந்ததா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் காவல் வைத்த முறையை.

நம் தண்ணீரைக் காக்கும் கரங்கள்

இனி நம் வாசலுக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி இருக்கிறது. லோயர் கேம்ப்பில் இறங்கும் அந்தத் தண்ணீர், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடுகளில் பெய்து, ஊறி, கசிந்து அணைக்கு வருவது. அந்தக் காடு அழிந்தால் நம் நெல்லும் தென்னையும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1990களில் அந்தக் காட்டில் வயணப் பட்டை என்னும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வேட்டையும் ஆடினார்கள். கைது, வழக்கு, ஜாமீன், மறுபடி காடு என்றே அவர்கள் வாழ்க்கை ஓடியது. வீட்டில் மனைவி மக்களுக்கு நிம்மதி இல்லை. வனத்துறை அவர்களோடு பேசியது. 23 பேர் திருட்டுத் தொழிலை விட்டுவிடுவதாக முன்வந்தார்கள். அவர்களை ஒரு குழுவாக்கி, சுற்றுலாப் பயணிகளை நடைப்பயணமாகக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வேலையைக் கொடுத்தார்கள். எந்தத் தடத்தில் திருடப் போனார்களோ அதே தடத்தில் காவலுக்குப் போனார்கள். திருடர் வரும் வழி அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

தாய்மார்களே, உங்களுக்கும் அங்கே ஒரு முன்மாதிரி உண்டு. 2002 முதல் தேக்கடிப் பகுதியின் சாதாரணக் குடும்பப் பெண்கள் 'வசந்த சேனா' என்ற பெயரில் சிறு சிறு குழுவாக, முறை வைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள். சந்தன மரங்களைக் காக்கும் இந்த வேலைக்கு அவர்கள் கூலி வாங்குவதில்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு, தலைக்கு ஒரு நாள் என்று பங்கு போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

மார்க்கம் காட்டும் வழி

உணவுக்காக வேட்டையாடுவதை இஸ்லாம் அனுமதித்திருக்கிறது. ஆனால் அதற்கு எல்லையும் வைத்திருக்கிறது. இஹ்ராம் உடையில் இருப்பவர் தரையில் வாழும் பிராணிகளை வேட்டையாடக் கூடாது என்பதை ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் பிராணி வந்து நிற்கும்போது கையைக் கட்டுப்படுத்துவதுதான் அங்கே சோதனை. உயிருள்ள ஒன்றைக் குறிபார்த்து எய்யும் இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கே வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் விலக்கினார்கள்.

பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் மேய்ச்சல் நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தை அப்படி ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ரபதா போன்ற இடங்களை ஒதுக்கினார்கள். அப்போது காவலராக நியமித்தவரிடம் அவர்கள் ஓர் அறிவுரை சொன்னார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடுங்கள். செல்வந்தர்களின் மந்தைக்கு முன்னுரிமை தராதீர்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சுங்கள் என்பது அதன் கருத்து.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூணாறு சங்கத்தின் குறையும் தெரியும். அது துரைமார்களின் சங்கம். சுடும் உரிமை அவர்களுக்கு, காவல் காக்கும் வேலை முதுவருக்கு. இன்றும் இந்தக் கேள்வி தீரவில்லை. காட்டில் மேய்ச்சலுக்குத் தடை வந்தபோது நம் பக்கத்து மலைமாட்டுக்காரர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். காடும் காக்கப்பட வேண்டும், ஏழையின் பிழைப்பும் காக்கப்பட வேண்டும். தேக்கடியில் 23 பேருக்குப் பிழைப்பைக் காட்டிய பிறகே அங்கே காவல் நிலைத்தது என்பதை மறக்கக் கூடாது.

நம் மஹல்லாவில் செய்ய வேண்டியவை

1. நம் வாலிபர்கள் சிலர் இரவில் டார்ச் லைட்டோடு முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் கண்ணி வைக்கப் போகிறவர்களோடு விளையாட்டாகச் சேர்ந்துவிடுவதுண்டு. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயலும் பாதுகாக்கப்பட்ட பிராணிதான். வரையாடு, உடும்பு போன்ற முதல் அட்டவணைப் பிராணிகளை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகமாக 7 ஆண்டு சிறை. கூடப் போனவர் மீதும் வழக்கு வரும். வெளிநாட்டு வேலை, பாஸ்போர்ட், திருமணப் பேச்சு எல்லாம் அந்த ஒரு இரவால் தடைபடலாம். பெற்றோர்களே, பிள்ளை இரவில் எங்கே போகிறான் என்று கேளுங்கள்.

2. காட்டுக்கறி விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். வாங்குபவர் இருக்கும்வரை கண்ணி வைப்பவரும் இருப்பார். கண்ணியில் இறுகிச் செத்த பிராணி நமக்கு ஹலாலும் ஆகாது.

3. ஆற்றிலும் குளத்திலும் வெடி போட்டோ, விஷம் கலந்தோ மீன் பிடிப்பதை 1897 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கொட்டினால் குஞ்சு முதல் முட்டை வரை சாகும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர் குடிக்கிறது. வலை வீசுங்கள், தூண்டில் போடுங்கள். பொடி மீனை ஆற்றில் விட்டுவிடுங்கள்.

4. சுருளிக்கும் மேகமலைக்கும் போகும்போது பிரியாணிப் பொட்டலம், தண்ணீர்ப் பாட்டில், பாலித்தீன் பை எதையும் அங்கே விட்டுவராதீர்கள். கொண்டுபோன பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். குரங்குக்கோ வரையாட்டுக்கோ தின்பண்டம் கொடுக்காதீர்கள். அன்று துரைமார்கள் உப்பு வைத்தார்கள் என்பது இன்று நமக்கு ஆதாரம் ஆகாது.

5. கோடையில் காட்டோரத்தில் அடுப்பு மூட்டாதீர்கள். பீடி, சிகரெட்டை எறியாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நம் மாவட்டம் மறக்காது.

6. வனத்துறை தீத்தடுப்புக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்ப்பதுண்டு. நம் கல்லூரிப் பிள்ளைகள் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துப் பெயர் கொடுக்கலாம். ஓராண்டில் இரண்டு நாள் கொடுத்தாலும் அது சமுதாயத்துக்குச் செய்யும் ஸதகாதான்.

வீட்டில் அமர்ந்து பேச

இஷாவுக்குப் பிறகு குடும்பத்தோடு அமர்ந்து இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

• ராஜமலை வரையாடு ஏன் ஓடுவதில்லை?
• வேட்டைக்காரர் சங்கம் செய்த மூன்று வேலைகள் எவை? அவற்றில் நம் ஊர்க் கண்மாய்க்குப் பொருந்துவது எது?
• ஹிமாவின் காவலரிடம் உமர் (ரலி) அவர்கள் ஏழைக்கு வழிவிடச் சொன்னது ஏன்?
• நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது?

துப்பாக்கியும் அதிகாரமும் கையில் இருந்தவர்கள் தம் ஆசைக்கு எல்லை போட்டார்கள். அதனால்தான் இன்று நம் பிள்ளைகள் வரையாட்டைப் பத்தடி தூரத்தில் பார்க்கிறார்கள். இந்த மலையும் ஆறும் அல்லாஹ் நம் கையில் கொடுத்திருக்கும் அமானிதம். வாங்கியபடியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல ரஹ்மான் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.