மெய்நிகர் உலகில் சுழலும் சக்கரம்: விரைவும் உண்மையும்

முன்னுரை

சக்கரத்தைக் குறிக்கத் தமிழில் ஆழி, திகிரி, நேமி எனச் சொற்கள் பல உள. அதன் உறுப்புகளும் குடம், ஆரக்கால், அச்சு எனத் தனித்தனிப் பெயர் பெற்றுள்ளன. மரச் சக்கரத்தை மாடு இழுத்தது, மனிதன் உருட்டினான். கணிப்பொறித் திரையில் விரியும் மெய்நிகர் உலகிலோ இழுக்க மாடும் இல்லை. உருட்டக் கையும் இல்லை. எழுதப்பட்ட ஆணையே அங்குச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சுழற்சியின் விரைவை எவ்வாறு வரையறுப்பது, கண்ணுக்குத் தோன்றும் சுழற்சியை எந்த அளவுக்கு நம்புவது என்னும் இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழற்சிக்கு உரிய ஆணை

அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ‘செகண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகைத் தொடங்கியது. அங்குள்ள வீடு, ஊர்தி, தோட்டம் ஆகியவற்றுள் பெரும்பாலானவை பயனாளர்களே அமைத்தவை. அவற்றை இயக்குவதற்கென ‘லிண்டன் ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ்’ என்னும் ஆணைமொழி உள்ளது. அம்மொழியில் சக்கரத்தைச் சுழற்றும் ஆணை ‘எல்எல் டார்கெட் ஒமேகா’ என்பதாகும். இவ்வாணைக்கு நாம் மூன்று மதிப்புகளைத் தருதல் வேண்டும். எந்த அச்சைப் பற்றிச் சுழல்வது என்பது முதலாவது. எவ்வளவு விரைவு என்பது இரண்டாவது. எவ்வளவு வலிமை என்பது மூன்றாவது.

விரைவைக் கணித்தல்

‘மெல்ல’ என்றும் ‘கடுகி’ என்றும் உரைத்தால் கணிப்பொறிக்கு விளங்காது. நொடிக்கு இத்தனை ரேடியன் என்று எண்ணால் கூற வேண்டும். ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 6.283 ரேடியன் ஆகும். எனவே 4 நொடிக்கு ஒரு சுற்று வேண்டுமாயின் 6.283ஐ 4ஆல் வகுத்து 1.571 என எழுதுவோம்.

வண்டிச் சக்கரமாயின் மற்றொன்றையும் நோக்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் 0.5 மீட்டர், வண்டி நொடிக்கு 2 மீட்டர் செல்கிறது எனக் கொள்வோம். 2ஐ 0.5ஆல் வகுக்க 4 ரேடியன் கிடைக்கும். இதனினும் மிகுந்தாலோ குறைந்தாலோ சக்கரம் தரையில் வழுக்குவது போல் தோன்றும். எண்ணின் முன் கழித்தல் குறி இட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும்.

தோற்றமும் உண்மையும்

இங்கு நாம் கருத்தில் இருத்த வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இயற்பியல் விதிகளுக்கு உட்படுத்தப்படாத பொருளை மையக் கணிப்பொறி உண்மையில் சுழற்றுவதில்லை. அச்சும் விரைவும் இவை என்னும் செய்தியை மட்டுமே பயனாளர்களுக்கு அனுப்புகிறது. அவரவர் கணிப்பொறியே தத்தம் திரையில் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டுகிறது. ஆதலின் ஒரே சக்கரத்தின்முன் நிற்கும் இருவருள் ஒருவருக்கு ஓர் ஆரக்கால் உச்சியில் தோன்றும். மற்றவருக்கு வேறோர் ஆரக்கால் தோன்றும்.

வண்டிச் சக்கரத்திற்கு இதனால் இழுக்கில்லை. எட்டுப் பிரிவுகள் கொண்ட பரிசுச் சக்கரமாயின் என்னாகும்? ஒருவர் திரையில் 3 என்றும், மற்றவர் திரையில் 7 என்றும் முள் காட்டக்கூடும். இருவர் கண்ணும் பொய்க்கவில்லை. ஆயினும் வழக்கு எழும். மையக் கணிப்பொறியைக் கேட்டாலோ, சுழற்றுமுன் இருந்த கோணத்தையே அது விடையாகத் தரும்.

தீர்வு

தீர்ப்பைத் தோற்றத்திடம் விடாது, ஆணையிடமே விடுதல் வேண்டும். ‘எல்எல் ஃபிராண்ட்’ என்னும் ஆணை தற்செயலான எண் ஒன்றைத் தரும். அதற்கு 8 என்னும் எல்லையைக் கொடுத்து, வரும் எண்ணின் முழுப்பகுதியை மட்டும் கொண்டால் 0 முதல் 7 வரையுள்ள எண்களுள் ஒன்று கிட்டும். அதுவே முடிவு. பின்னர் விரைவுக்கும் வலிமைக்கும் சுழியம் இட்டுச் சுழற்சியை நிறுத்தி, முடிவெண்ணை 45 பாகையால் பெருக்கிய கோணத்தில் சக்கரத்தை நிலைநிறுத்த வேண்டும். இக்கோணம் மையக் கணிப்பொறியிலேயே பதிவாவதால் அனைவர் திரையிலும் ஒரே விடை தோன்றும்.

முடிவுரை

விரைவைக் கணித்தல் ஒரு வகுத்தற் கணக்கே; மாணவர் எவரும் எளிதில் கற்கலாம். சுழல்வதாகத் தோன்றுவது வேறு, சுழல்வது வேறு என உணர்தலே அரிது. அழகுக்குச் சுழலும் சக்கரத்தை அவரவர் திரையிடம் விட்டுவிடலாம். பிறருக்கு உரியதைப் பங்கிடும் சக்கரமாயின், அனைவருக்கும் பொதுவான இடத்தில் முடிவை வைத்தலே நேர்மையாகும்.