வாலை நிமிர்த்தச் சொல்லி யார் கேட்டது?

கனடாவின் மிசிசாகாவில் ஒரு பிறந்தநாள் வீடு. பள்ளிக்கூடத்தில் இடைநிறுத்தப்பட்ட ஒரு பெடியனைப் பற்றிக் கதை வந்தது. வடைத் தட்டோடு இருந்த பெரியவர் ஒருவர், "நாய் வாலை நிமிர்த்த ஏலுமோ?" என்று கதையை முடித்துவைத்தார். எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது: ஒரு பழமொழியில் பெடியனையும் நாயையும் சேர்த்தே கைகழுவிவிட்டோம்.

அந்த இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து, பெடியன் நாயைப் பழக்கட்டும் என்று விடுகிற வேலை வட அமெரிக்காவில் 30 வருடத்துக்கு மேலாக நடக்கிறது. சிக்கலில் மாட்டிய இளைஞர்கள் காப்பகத்து நாய்களைப் பழக்குவார்கள். பழகிய நாயை ஒரு குடும்பம் தத்தெடுத்துப் போகும். இதை நம்மவர்களிடம் சொன்னால் முதலில் கேட்பது மறுப்புத்தான்.

"காப்பகத்து நாய் என்றால் கடித்துத் துரத்தப்பட்டது"

சென்ட்ரல் பார்க்வே வெஸ்டில் மிசிசாகா நகரசபையின் விலங்குக் காப்பகம் இருக்கிறது. இப்படியான இடங்களுக்கு வரும் நாய்களில் பல, தாம் செய்யாத தப்புக்கு வந்தவை. வீடு மாறியிருப்பார்கள், மணமுறிவு நடந்திருக்கும், வைத்தியச் செலவு தாங்கியிருக்காது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணி கூடாது" என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. ஆனால் கொண்டோ அடுக்குமாடி நிர்வாகத்தின் விதி தடுக்கலாம். கையெழுத்துப் போடுமுன்னே வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். மிசிசாகாவின் ஸ்குயர் வன் அங்காடியைச் சுற்றி நிற்கும் மாடிக் கட்டடங்களை அண்ணாந்து பாருங்கள், மிச்சம் விளங்கும்.

சில நாய்கள் கடிக்கும் என்பது பொய்யல்ல. அதற்காகத்தான் முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள். பெடியன் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஆளைக் கண்டால் பாயும், வாரை இழுக்கும் இளநாய்களை. கெட்டவை அல்ல, யாரும் சொல்லிக்கொடுக்காதவை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயத்தையும் ஊரிலேயே விட்டுவிடலாம். இப்போது போடுவது கையில், எண்ணிக்கையும் குறைவு. மூன்று மாதம் தாண்டிய நாய்க்கு விசர்த் தடுப்பூசி போடுவது இங்கே சட்டம்.

"பழக்குவது என்றால் அடக்குவது"

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தப் பயிற்சியில் பிரம்புக்கு வேலையில்லை. நாயை இருக்கவைப்பது எப்படி என்று பாருங்கள். விரல் நுனியில் ஒரு சின்ன இறைச்சித் துண்டை நாயின் மூக்குக்கு முன்னால் பிடிக்க வேண்டும். மெதுவாக அதன் தலைக்கு மேலே, பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். மூக்கு மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். அது நிலத்தைத் தொட்ட அந்த நொடியில் "ஆம்" என்று சொல்லித் துண்டைக் கொடுக்க வேண்டும். சற்றுப் பிந்தினால், நாய் எழுந்ததற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். கத்தினால் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு தள்ளிப் போய்விடும்.

வீட்டிலும் தெருவிலும் உரத்த குரலால் காரியம் பார்த்த பெடியனுக்கு இது புதுப் பாடம். ஆசிரியரைக் கத்தி மிரட்டலாம், நாயை மிரட்டினால் பாடமே நடக்காது.

வாலுக்கு வருவோம். வாலாட்டினால் சிநேகம் என்பது பாதி உண்மை. வாலை உயர்த்தி, விறைப்பாக, குறுகக் குறுக ஆட்டினால் நாய் பதற்றத்தில் நிற்கிறது என்று பொருள். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால்தான் நட்பு. களைப்பில்லாமல் கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்ப்பதும் "என்னை விடு" என்று சொல்வதுதான். வாலை நிமிர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதை வாசிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

"குற்றவாளிகள் கையில் வாயில்லாச் சீவனைக் கொடுப்பதா?"

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மக்லாரன் இளைஞர் சிறையில் 1993இல் ஜோன் டால்ட்டன் 'ப்ராஜெக்ட் பூச்' என்ற நாய் பழக்கும் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே சந்தேகம் இருந்திருக்கும். கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் ட்ரூரோவில், நோவா பெண்கள் சிறையில் 1996இல் நாய் பழக்கும் திட்டம் வந்தது. விலங்கை வதைத்த பின்னணி உள்ளவர்களைத் தவிர்ப்பதும், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்பதும் இத்திட்டங்களின் வழக்கம்.

இன்னொன்று: சிக்கலில் இருப்பவர் எல்லாம் குற்றவாளி அல்ல. கனடாவில் 2003இல் நடைமுறைக்கு வந்த இளைஞர் குற்றநீதிச் சட்டம் 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கானது. சிறு தவறென்றால் எச்சரித்து விடவோ, சமூகத் திட்டம் ஒன்றுக்கு அனுப்பவோ பொலிசுக்கு அதில் இடமிருக்கிறது. "எங்கட பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று கேட்பவர்கள் 1990களின் கடைசியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நடந்த தமிழ் இளைஞர் குழுச் சண்டைகளை மறந்துவிட்டார்கள். அல்லது மறந்ததுபோல இருக்கிறார்கள்.

"நாய் பெடியனைத் திருத்திவிடும்"

இது இத்திட்டங்களை விரும்புகிறவர்களின் நம்பிக்கை. என்னுடையதும் இதுதான், ஆகவே இதைத் திருத்துவதுதான் கஷ்டம். 'டீச்சர்ஸ் பெட்' என்ற இதேவகைத் திட்டம் அமெரிக்காவின் மிச்சிகனில் 2005இல் தொடங்கியது. தடுப்பு நிலையங்களில் இருந்த 138 இளைஞர்களை வைத்து அதன் நிறுவனரும் சேர்ந்து செய்த ஆய்வு 2018இல் வெளியானது. சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பத்துக் கிழமை நாயைப் பழக்கினார்கள், மற்றவர்கள் நாயை நடத்திக்கொண்டு மட்டும் போனார்கள். வகுப்பு இருபகுதிக்கும் உண்டு.

பழக்கியவர்கள் முந்துவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. பிறர் நோவை உணரும் தன்மை இருபகுதியிலும் கூடியது. கூடவே கவலை, சோர்வு போன்ற உள்மனத் துயரமும் இருபகுதியிலும் கூடியது.

இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. மரத்துப்போன கால் உணர்வுக்குத் திரும்பும்போது முதலில் குத்தும். ஆனால் அது என் ஊகம், ஆய்வின் முடிவல்ல. ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்: பெடியனுக்கு நாயைக் கொடுத்துவிட்டு, அவன் மனத்தைப் பார்க்க ஆள் வைக்காமல் விடக்கூடாது.

ஏனென்றால் இந்த வேலை பிரிவதற்காகவே செய்யப்படுவது. நாய் நன்றாகப் பழகினால் அதைத் தத்தெடுக்க ஆள் வரும். அவன் கெட்டிக்காரனாக இருக்க இருக்க அது சீக்கிரம் போய்விடும். ஒரு பின்னேரம் வாரை வேறொருவர் கையில் கொடுத்து, இது எந்தச் சொல்லுக்கு இருக்கும், எதற்குப் பயப்படும் என்று அவன்தான் விளக்க வேண்டும். அடுத்த கிழமை அதே கூட்டில் வேறொன்று நிற்கும். அதற்கு "இரு" என்றால் என்னவென்று தெரியாது.