தூதரகம் இருக்கட்டும், அணிவகுப்புக்கு ஏன் போனோம்?

கேள்வி: சொந்த மக்களையே சுட்டுக்கொல்லும் மியான்மர் ராணுவ ஆட்சியோடு இந்தியா உறவை முறித்துக்கொள்ள வேண்டாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தூதரகத்தை இழுத்து மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1,600 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை இருக்கிறது. வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை மீட்க, யாங்கூனில் நமக்கொரு அலுவலகம் தேவைப்பட்டது.

ஆனால் 2021 மார்ச் 27 அன்று நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்சியைப் பிடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், நேப்பிடோவில் ராணுவ தின அணிவகுப்பை நடத்தினார் தளபதி மின் ஆங் லைங். நம் பிரதிநிதியும் விருந்தினராகப் போயிருந்தார். அதே நாளில் அந்நாட்டுத் தெருக்களில் 100 பேருக்கும் மேல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. பேச்சுவார்த்தைக்குப் போவது சரி, இதற்குப் போக என்ன அவசியம்? ஜூனில், மியான்மருக்கு ஆயுதம் போவதைத் தடுக்கக் கோரிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தபோதும் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம்.

மிசோரம் வேறு மாதிரி நடந்துகொண்டது. எல்லையிலுள்ள தியாவ் ஆற்றைக் கடந்து மியான்மரிலிருந்து வந்த சின் மக்களைத் தடுக்கச் சொல்லி டெல்லி கடிதம் எழுதியது. அவர்கள் எங்கள் ரத்த சொந்தம், பாராமுகமாக இருக்க முடியாது என்று அப்போதைய முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார். தேவாலயங்களும் ஊர்க்காரர்களும் அரிசியும் இடமும் கொடுத்தார்கள். அந்த மக்களுக்கு அகதி என்ற சட்டப் பாதுகாப்பையாவது டெல்லி தரவேண்டும். அதற்கு எந்தத் தளபதியின் சம்மதமும் தேவையில்லை.