நம்மைப் போர்த்திய தோல்

நம் உடலில் மிகப் பெரிய உறுப்பு எது? இதயமா? நுரையீரலா? இரண்டும் இல்லை. நம் தோல்தான்.

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால், ஒரு ஆள் படுக்கும் பாய் அளவு இருக்கும். அதன் எடை சுமார் 3 முதல் 4 கிலோ. கண் இமையில் தோல் மிக மெல்லியது. உள்ளங்காலில் மிகவும் தடித்தது.

மருதாணி ஏன் மறைகிறது?

தோலில் மேல் தோல், உள் தோல் என்று இரண்டு அடுக்குகள் உண்டு. மேல் தோல் அடியிலிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. புதியது மேலே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மேலே வருவதற்குள் அது செத்துவிடும். பிறகு உதிர்ந்துவிடும். குளிக்கும்போது தேய்த்தால் அழுக்கு உருண்டு வருகிறதே, அதில் செத்த தோலும் இருக்கிறது.

மருதாணிச் சிவப்பு இந்தச் செத்த பகுதியில்தான் பிடிக்கிறது. அது உதிரும்போது சிவப்பும் போகிறது. பச்சை குத்தும் ஊசியோ உள் தோல் வரை போகிறது. அதனால் பச்சை குத்தியது கடைசி வரை நிற்கிறது.

கறுப்பும் சிவப்பும்

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதைச் செய்யும் உயிரணுக்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கின்றன. சிலருக்கு அவை அதிகமாக மெலனினைச் செய்கின்றன. சிலருக்குக் குறைவாகச் செய்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான். மெலனின் வெயிலின் கெடுதலைத் தடுக்கும் குடை. கறுப்பு குறை அல்ல. அது காவல்.

பெருவிரல் ரேகை

விரல் ரேகை நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிறது. ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இருக்காது. இரட்டைப் பிள்ளைகளுக்கும் வேறு வேறுதான். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு கைப்பதிவும் வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு அலுவலகம் தொடங்கியது. ரேகைகளைப் பிரித்து அடுக்கும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள்.

செங்கல், சிமெண்ட் வேலை செய்பவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடை இயந்திரத்தில் பதியாது. இதற்காக அரிசி மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-இல் மாநிலங்களுக்கு எழுதியது. வேலையை நிறுத்தினால் தேய்ந்த ரேகை மீண்டும் வளரும்.

உணர்ச்சி இல்லாத தேமல்

சூடு, குளிர், வலி, தொடுதல் எல்லாவற்றையும் தோல் நமக்குச் சொல்கிறது. வலி தொல்லைதான். ஆனால் வலி இருப்பதால்தான் நெருப்பிலிருந்து கையை எடுக்கிறோம்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா? அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லையா? சுட்டாலும் தெரியவில்லையா? அது தொழுநோயாக இருக்கலாம். வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். வலி இல்லாததுதான் இதன் அடையாளம்.

தொழுநோய் சாபம் அல்ல. பாவத்தின் பலனும் அல்ல. அது ஒரு கிருமியால் வருவது. ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் 1873-இல் அதைக் கண்டார். கை குலுக்கினாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ அது ஒட்டாது. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி இருந்தால் பரவலாம். மருந்து தொடங்கினால் பரவுவது நின்றுவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். தேமல் குறைவாக இருந்தால் 6 மாதம், அதிகமாக இருந்தால் 12 மாதம் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. சீக்கிரம் போனால் கை, கால் மடங்காமல் தப்பலாம். தாமதித்தால் நரம்பு கெடும். கெட்ட நரம்பு எளிதில் திரும்பாது.

முன்பு தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கச் சட்டம் இடம் கொடுத்தது. 2019-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. சட்டம் மாறிவிட்டது. நாமும் மாற வேண்டும்.

பதில் சொல்லுங்கள்
1. மருதாணி மறைகிறது, பச்சை குத்தியது மறைவதில்லை. ஏன்?
2. தொழுநோய் எப்படிப் பரவாது?

செய்து பாருங்கள்
வீட்டில் எல்லோருடைய தோலையும் பாருங்கள். முதுகைப் பார்க்க ஒருவருக்கொருவர் உதவுங்கள். தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லி இறகால் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.