ஆண்ட்ரோமீடா

டிசம்பர் மாதத்தில் மழையற்ற இரவு 8 மணியளவில் வடதிசை நோக்கி நிற்போமாயின், பெகாசஸ் எனும் நாற்சதுர விண்மீன் கூட்டத்தின் வடகிழக்கே, மங்கிய பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒன்றைக் காணலாம். அதுவே ஆண்ட்ரோமீடா எனும் சுருள் வடிவ விண்மீன் மண்டலம். தெருவிளக்கின் ஒளியில் அது தோன்றாது. தோட்டப்புறத்து இருளே ஏற்றது. நேராக உற்று நோக்கினால் மறையும். பார்வையைச் சற்று விலக்கினால் தெளியும். மங்கிய ஒளியை உணரும் அணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமையே காரணம்.

கி.பி. 964இல் பாரசீக அறிஞர் அல் சூஃபி இதனைச் சிறுமேகமெனக் குறித்தார். நமது பால்வீதிக்குள் அடங்கியதென்றே பின்வந்தோர் பலரும் எண்ணினர். 1923இல் எட்வின் ஹபிள் அதனுள் ஒளி கூடிக் குறையும் விண்மீனொன்றைக் கண்டார். அதைக்கொண்டு தொலைவைக் கணித்து, அது பால்வீதிக்கு அப்பாற்பட்டதென நிறுவினார். அத்தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. இன்று நம் கண்ணை அடையும் ஒளி அங்கிருந்து புறப்பட்ட வேளையில், நம்மைப் போன்ற மனிதர் இவ்வுலகில் தோன்றியிருக்கவில்லை.