படிக்க வயதெல்லை இல்லை, வேலைக்கு உண்டு

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கலைமாணிப் பட்டத்துக்கு நான் விண்ணப்பம் நிரப்பியபோது எனக்கு 33 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவை, அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை விட்டுப்போகும் காப்பகத்தை, பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்திதான், வெட்டுப்புள்ளிதான் எட்டவில்லை. இரண்டாம் முறை எழுதுவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. பிறகு இரண்டு பிள்ளைகள், கொழும்பில் கடை வேலைக்குப் போன கணவர், பதின்மூன்று வருடம்.

"இந்த வயசுல என்னாத்துக்கு புள்ள படிப்பு?" என்று அம்மா கேட்டார். தோட்டத்தில் பேர் வெட்டி வேலையிலிருந்து நின்றுகொண்டபோது கிடைத்த சேமலாப நிதிக் காசிலிருந்து பதிவுக் கட்டணத்தைக் கொடுத்ததும் அவர்தான்.

முதல் தடங்கல் என் பெயரிலேயே இருந்தது. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, சாதாரணதரச் சான்றிதழில் இலட்சுமி. மூன்றும் நான்தான் என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் எத்தனை நாள் லீவு, எத்தனை நாள் சம்பளம் போனது என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும். தோட்டத்தில் பிறந்தவர்களின் பத்திரங்களில் இந்தக் குளறுபடி சாதாரணம். ஆகவே எந்தப் பட்டம் என்று யோசிப்பதற்கு முன்னால் எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிய பிறகு ஓடினால் நடக்காது.

அடுத்தது முகவரி. லயத்துக் காம்பராவுக்கு என்று தனி முகவரி ஏது? கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், யாராவது ஞாபகம் வைத்துக் கொண்டுவந்து தந்தால் உண்டு. என் முதல் வருடப் பரீட்சை அனுமதி அட்டை, பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்து என் கைக்கு வந்தது. அலுவலக மேசையில் கிடந்ததாம். ஒரு வருடம் அப்படியே போனது. அழுது தீர்த்த பிறகு, ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் முகவரிக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். டவுனில் நம்பிக்கையான ஒரு கதவிலக்கம் கிடைத்தால் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படித்தது எப்போது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான். தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே மடியில் புத்தகம். குழந்தை சிணுங்கினால் கால் வேகமாகும், கண் வரியிலேயே நிற்கும். இன்றைக்கும் அரசறிவியல் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கால் தானாக ஆடுகிறது. இராத்திரியில் படிப்பேன் என்று போட்ட திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பத்துக்குப் பத்து காம்பராவில் ஐந்து பேர் படுத்திருக்கும்போது விளக்கை எரிய விட முடியுமா?

ஒரு தனியார் வகுப்பில் பணம் கட்டி ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தந்த நோட்ஸ் கட்டு பழைய பாடத்திட்டத்துக்கு உரியது. அது பரீட்சை மண்டபத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகம் தருகிற பாடத்திட்டப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற வாத்தியார் வேண்டாம்.

வெளிவாரிப் பட்டத்துக்கு உயர்தரம் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு நான் சொல்வது திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது, தலைமையகம் நாவலயில், கண்டி பிராந்திய நிலையம் பொல்கொல்லயில், நமக்குப் பக்கத்தில் ஹட்டனிலும் கற்கை நிலையம் இருக்கிறது. 18 வயது முடிந்தவர்கள் உயர்தரம் இல்லாமலே அத்திவாரக் கற்கைநெறியில் சேர்ந்து, அதை முடித்துப் பட்டப்படிப்புக்கு ஏறலாம். பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி 29 வயதில் அப்படித்தான் சேர்ந்தாள். அங்கே ஒப்படைகளையும் இடைப் பரீட்சைகளையும் விட்டுவிட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே விடமாட்டார்கள். 35 வயதில் மறுபடி உயர்தரம் எழுதப் போகிறேன் என்பவர்களை நான் தடுப்பேன். அந்த இரண்டு வருடத்தை அத்திவாரத்தில் போடுங்கள்.

கைத்தொழில் தெரிந்தவர்களின் வழியே வேறு. அக்கா வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பிட்டர். உருளை மெஷினின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுவார், கையில் மட்டும் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்விகியூ, தருகிற முறை ஒன்று உண்டு. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அக்கா வீட்டுக்காரருக்கு அப்படி நான்காம் மட்டம் கிடைத்தது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே இதற்காக இருக்கிறது. அவர் நான்கோடு நின்றுவிட்டார், அது அவர் இஷ்டம்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. படிப்புக்கு வயதெல்லை இல்லை, அரச நியமனத்துக்கு உண்டு. 39 வயதில் பட்டம் கைக்கு வந்தது. ஆசை ஆசையாகப் பட்டதாரி ஆசிரியர் விண்ணப்பத்தைப் பார்த்தால் வயது தாண்டியிருந்தது. இப்போது ஹட்டனில் சிறுவர் நலன் பார்க்கும் ஓர் அமைப்பில் இணைப்பாளராக இருக்கிறேன், அதுவும் இந்தப் பட்டத்தால் வந்ததுதான். ஆனாலும் பள்ளிக்கூட மணியடித்தால் மனம் கொஞ்சம் கசக்கிறது. நீங்கள் எதிர்பார்க்கும் வேலைக்கு முன்பு வந்த வர்த்தமானி அறிவித்தலை எடுத்து வயதெல்லையைப் பாருங்கள். படித்து முடிக்கும்போது உங்கள் வயது என்ன என்று அதோடு கூட்டிக் கழித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் சம்பளம் போய்விடும்.